ஐந்து பேருக்கான அடுப்பு

1

சென்ற கிழமை எங்கள் வீட்டு வாசலை ஒரு பெண் சிவப்புத் துணியால் இறுக்கி அடைத்தாள். துணியின் நடுவில் ஒரு பெரிய காற்றாடி. அதைச் சுழலவிட்டு, வீட்டுக் காற்றையெல்லாம் வெளியே இழுத்துக்கொண்டு, கையில் புகை கக்கும் சின்னக் குச்சியோடு அறை அறையாக நடந்தாள். எங்கே புகை ஆடுகிறதோ அங்கே ஓட்டை, அதனூடாகக் குளிர் உள்ளே வருகிறது என்றாள். மகன் தர்சனின் அறை யன்னலடியில் புகை நிற்காமல் ஆடியது. அவன் கல்கரிக்கு வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. அந்த அறையை இப்போது யாரும் பாவிப்பதில்லை.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இது கூத்தாகத் தெரியும். ஆனால் கனடாவில் குளிர்காலம் வந்துவிட்டால் வீட்டைச் சூடாக்குவதுதான் பெரிய பாடு. எங்கள் நகரசபை சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு திட்டம் நடத்துகிறது. ஆள் வந்து பார்ப்பார்கள், எங்கே சூடு வீணாகிறது என்று எழுதுவார்கள், சுவருக்குள் பஞ்சு அடைக்கவும் புதிய சூடேற்றி பூட்டவும் உதவுவார்கள். தங்களுடைய நூலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும்கூட இதையேதான் செய்தார்களாம். நல்ல திட்டம். வாயைத் திறந்து குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான்தான் விண்ணப்பித்தேன்.

எல்லாம் பார்த்து முடித்து, சாப்பாட்டு மேசையில் இருந்து படிவத்தை விரித்து, அவள் கேட்டாள்: "வீட்டில் எத்தனை பேர்?"

நான் வாய் திறக்க முன் மகள் அபி பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் என் ஆங்கிலத்தை அவள் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பாள். பிறகு என்ன நினைத்தாளோ, நிறுத்திவிட்டுத் தமிழில் எங்களிடம் திரும்பினாள்.

"மூண்டு பேர் எண்டால் சின்னச் சூடேற்றிதான் தருவினமாம். நாலு எண்டால் பெரிசு. அண்ணான்ர லெட்டர் எல்லாம் இங்கதானே வருது. அவனையும் போடுவம். எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம், அப்பா."

"ஓம், போடு பிள்ளை," என்றாள் மனைவி. "அவன்ரை அறை அப்பிடியேதானே கிடக்குது. அவன் பேர் இருந்தால் என்ன குறைஞ்சு போகும்?"

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. மேசையில் ஓங்கி அடித்தேன். "இல்லாதவனை எழுதாதை!" என்று கத்தினேன். தேத்தண்ணிக் கோப்பை உருண்டு படிவமெல்லாம் நனைந்தது. அந்தப் பெண் எழும்பி நின்றுவிட்டாள். நான் சுகமாக இருக்கிறேனா என்று மகளிடம்தான் கேட்டாள், என்னிடம் கேட்கவில்லை.

மனைவி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. என் கோபம் அவளுக்குப் புதிதல்ல. முப்பது வருடமாகப் பட்டுக்கொண்டு இருக்கிறாள், பாவம். காரணம்தான் அவளுக்குத் தெரியாது. நாலாம் நாள் அபி என் அறைக்கு வந்து, "அப்பா, அது வெறும் போம் நிரப்புறதுதானே. அதுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டாள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

2

எண்பத்தைந்தாம் ஆண்டு எனக்கு இருபத்துநாலு வயது. கிளிநொச்சிப் பக்கத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தற்காலிக உத்தியோகம். உத்தியோகத்தின் பெயர் ஒரு முழம் நீளம். சனம் அதைச் சுருக்கி 'அடுப்பு மாஸ்டர்' என்று வைத்துவிட்டது. சந்தையில் என்னைக் கண்டால், "என்ன மாஸ்டர், நெருப்பு எப்பிடிப் போகுது?" என்று நக்கலடிப்பார்கள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வரும். உயர்தரம் படித்தவன் அடுப்பு அளக்கிறேனே என்று.

வெளிநாட்டு உதவியில் வந்த விறகுச் சிக்கனத் திட்டம் அது. மூன்று கல் வைத்து எரிக்கும் அடுப்பில் பாதி நெருப்பு வெளியேதான் போகிறது, அதனால் காடு அழிகிறது, எனவே வீடு வீடாகக் களிமண் அடுப்புக் கொடுக்கவேண்டும் என்பது திட்டம். அந்த அடுப்பில் சட்டி இறுக்கமாகப் பொருந்தும். பாதி விறகு போதும். ஆஸ்பத்திரிக் குசினிக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் செங்கல்லில் பெரிய அடுப்பு. வீடுகளுக்கு இரண்டு வகை. நாலு பேர் வரைக்கும் ஒற்றை அடுப்பு. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இரட்டை அடுப்பு.

சைக்கிளில் ஒரு வில்தராசையும் படிவக் கட்டையும் கட்டிக்கொண்டு போவேன். முதல் நாள் ஒரு கட்டு விறகை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த நாள் போய் மிச்சத்தை நிறுப்பேன். எரிந்தது எவ்வளவு, சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று எழுதவேண்டும். தொடக்கத்தில், விறகுக்கும் அரசாங்கம் வரி போடப்போகிறது என்று ஒரு கதை கிளம்பி, சனம் கட்டை அவிழ்க்காமலே வைத்திருந்து காட்டியது. "ரெண்டு நாளும் ஒண்டும் சமைக்கேல்லையோ?" என்று கேட்டால், "விரதம்" என்பார்கள். ஏழு வீட்டில் தொடர்ந்து விரதம்! அடுப்புச் சும்மா தருகிறார்கள் என்று தெரிந்த அடுத்த கிழமையே எல்லா வீட்டிலும் கலியாணச் சமையல்.

ஆட்கணக்கும் அப்படித்தான். வன்னியில் அரசாங்கப் படிவத்துக்கு உண்மையான ஆட்கணக்குச் சொன்னவர் என்று நான் கண்டது ஒரே ஒருவரைத்தான். கந்தோர் எப்போதும் கேட்டதில் பாதிதான் தரும், ஆகவே கூட்டிக் கேள் என்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. கூப்பன் புத்தகத்துக்கு அரிசி கொடுத்த காலத்திலிருந்து வந்த பழக்கம். கந்தோருக்கும் அது தெரியும். எங்கள் தலைமை எழுதுவினைஞர் சோமசுந்தரம் ஐயா முதல் நாளே எனக்குச் சொல்லித்தந்தார்: "ஒண்டு ரெண்டு கூடினால் கண்டுகொள்ளாதையும் தம்பி. அடுப்பை அவையள் திண்டுவிடப் போறேல்லை."

நானும் கண்டுகொள்ளவில்லை. போகப்போக, சனம் கூட்டாவிட்டால் நானே கூட்டிவிடப் பழகினேன். வயதுபோன மாமி ஒருத்தியைச் சேர்த்துவிடுவேன். எத்தனை வீட்டுக்கு எத்தனை மாமிமாரை நான் உண்டாக்கினேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

படிவத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. 'மேற்படி குடும்ப அங்கத்தவர்களை நேரில் பார்வையிட்டு உறுதிப்படுத்துகிறேன்.' அதன் கீழே என் கையெழுத்து. எழுத்தெழுத்தாகப் படித்திருந்தால்தானே. ஒரு நாளைக்கு இருபது தரம் கிறுக்குவேன்.

3

துணுக்காய்ப் பக்கத்தில் காட்டோரமாக ஒரு குடியிருப்பு. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்த சனம், பற்றை வெட்டி, குடிசை போட்டு, அங்கே இருந்தது. காணிக்குப் பத்திரம் இல்லை. பலருக்குக் குடியுரிமையே இல்லை. எங்கள் படிவமோ 'வீட்டுச் சொந்தக்காரர்' என்று ஆரம்பிக்கும். சோமசுந்தரம் ஐயாவிடம் போய் நின்றேன்.

"வீடு ஆர் கட்டினது?" என்று கேட்டார்.

"அவைதான்."

"அப்ப வீட்டுச் சொந்தக்காரர்தான். காணியைப் பற்றிப் படிவம் ஒண்டும் கேக்கேல்லையே. போய் எழுதும்."

நல்ல மனிதர். அந்தச் சனத்துக்கு ஒன்று கிடைக்கட்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் நல்லது என்று நினைத்துத்தான் போனேன்.

குடியிருப்பின் கடைசி வீடு பேச்சியம்மாவுடையது. நான் போனபோது அவர் முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். கமக்காரருடைய நெல்லை வாங்கி, பெரிய கிடாரத்தில் அவித்து, காயவைத்துக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். மூன்று கல்லுக்கு மேலே கிடாரம், அடியில் பாதி மரம் எரிந்துகொண்டிருந்தது. புருஷன் சன்னாசி மண்வெட்டிக்குப் பிடி செதுக்கினார். பதினாலு வயது மகள் லெட்சுமி பாயில் நெல் பரப்பினாள்.

"வாங்க ஐயா, உக்காருங்க," என்றார் பேச்சியம்மா. "அடுப்புக் குடுக்குறாங்களாமே, நெசந்தானுங்களா?"

"ஓம், நிசம்தான். வீட்டிலை எத்தினை பேர்?"

"மூணு பேருங்க."

இதுதான் அந்த வன்னி முழுவதும் நான் கேட்ட ஒரே உண்மையான ஆட்கணக்கு. நான் என்ன செய்தேன்? சிரித்தேன்.

"மூண்டு எண்டால் ஒற்றை அடுப்புத்தான் அம்மா. உந்தக் கிடாரம் அதிலை ஏறாது. இன்னும் ரெண்டு பேரைச் சொல்லுங்கோவன், இரட்டை அடுப்பு எடுத்துத்தாறன். எல்லாரும் அப்பிடித்தான்."

சன்னாசி செதுக்குவதை நிறுத்தினார். "வேணாம் புள்ள. கவருமெண்டுத் தாளுல பொய் எழுதினா வம்புல முடியும்," என்றார்.

"அடுப்புக்குத்தானே, அண்ணை," என்றேன். "ஆர் வந்து எண்ணப்போகினம்?"

அபி, இந்த வார்த்தையை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லித்தரவில்லை.

பேச்சியம்மா விறகை நெருப்புக்குள் தள்ளிவிட்டார். பிறகு, "மாரிமுத்து. ஆறுமுகம்," என்றார்.

"ஆர் இவை?"

"எம் புள்ளைங்க. தோட்டத்துல பஞ்சம் வந்துச்சில்ல, அப்ப ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டு பேரும் போயிட்டானுக. இருந்திருந்தா பெரியவனுக்கு இருபத்தொண்ணு. சின்னவனுக்குப் பத்தொம்பது."

எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது. "வேண்டாம் அம்மா, நான் ஒரு மாமியைப் போட்டுவிடுறன்," என்றேன்.

"எழுதுங்க ஐயா," என்றார். "அவனுக பேரு எந்தத் தாளுலயும் இல்லீங்க. இதுலயாச்சும் இருக்கட்டும்."

நான் மறுத்திருக்கலாம். அவர் அதைச் சொன்ன விதத்தில் என்னால் மறுக்க முடியவில்லை. மாரிமுத்து, ஆண், இருபத்தொன்று. ஆறுமுகம், ஆண், பத்தொன்பது. தொழில் என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் 'கூலி' என்று எழுதினேன். அடியில் கையெழுத்து வைத்தேன். பேச்சியம்மா எட்டி அந்தத் தாளைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "எது மாரிமுத்து?" என்று கேட்டார். விரலால் தொட்டுக் காட்டினேன்.

4

அந்த வருடம் எல்லாம் இறுகிக்கொண்டு வந்தது. பெருந்தெருவில் சோதனைச் சாவடிகள் கூடின. பஸ்ஸில் போனால் ஆண்களை மட்டும் இறக்கி வரிசையில் நடக்கவிடுவார்கள். இளம் பெடியள் உள்ள வீடுகளில் முற்றத்தில் உடுப்புக் காயப்போடுவதற்குக்கூட யோசித்தார்கள். எத்தனை சேட்டுத் தொங்குகிறது என்று யாராவது எண்ணிவிடுவார்களோ என்று பயம்.

ஒரு பகல் பதினொரு மணியளவில் கந்தோர் வாசலில் இராணுவ ஜீப் வந்து நின்றது. ஓர் அதிகாரியும் தமிழ் தெரிந்த ஒருவனும் உள்ளே வந்தார்கள். மரியாதையாகத்தான் வந்தார்கள். வீட்டுப் பட்டியல் வேண்டும் என்றார்கள். வாக்காளர் இடாப்பை எடுத்துக் கொடுத்தார் சோமசுந்தரம் ஐயா. காட்டோரக் குடியிருப்புகள் அதில் இல்லையே என்று கேட்டார்கள். எப்படி இருக்கும்? குடியுரிமை இல்லாத சனத்துக்கு வாக்கு ஏது? அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய், பெயரும் வயதும் எழுதிய தாள் நாட்டிலேயே ஓரிடத்தில்தான் இருந்தது. என் மேசைக்குப் பக்கத்து அலுமாரியில்.

அவர்கள் கேட்க முன்பே தமிழ் தெரிந்தவன் அலுமாரியின் மேல் எழுதியிருந்ததை வாசித்துவிட்டான். 'அடுப்புத் திட்டம் - குடும்ப விபரம்.'

பதினேழு பைல். இரண்டு சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். சோமசுந்தரம் ஐயா விடவில்லை, கந்தோர்ப் பத்திரம் வெளியே போவதென்றால் ரசீது வேண்டும் என்று பின்னாலேயே போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். அதை எனக்குக் காட்டி, "ரசீது இருக்கு தம்பி, பயமில்லை," என்றார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், பிறகு எடுத்துத் திரும்ப வாசித்தார்.

அன்று நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போயிருக்கவேண்டும். ஒன்றரை மணித்தியால ஓட்டம். போய், 'அம்மா, அவங்கள் வந்தால் இப்பிடிச் சொல்லுங்கோ, இல்லாட்டி ரெண்டு கிழமைக்கு வேறை எங்கையும் போய் இருங்கோ' என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. அடுப்புப் படிவத்தை இராணுவம் எதற்கு வாசிக்கப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நாளைக்குப் போவோம் என்றேன். அடுத்த நாள் மழை. அதற்கு அடுத்த நாள் ஆஸ்பத்திரி அடுப்புக்குச் செங்கல் வந்து இறங்கியது. எனக்கு மூன்று நாள் இருந்தது.

5

நாலாம் நாள் விடியக் குடியிருப்பைச் சுற்றி வளைத்தார்கள். சனத்தைப் பிள்ளையார் கோயில் வெளியில் இருத்தி, என் படிவங்களை வைத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். என் மாமிமாரைத் தேடி அவர்கள் மினக்கெடவில்லை. "கிழவி எங்கே?" என்று கேட்டு, "செத்துப்போச்சு" என்றால் சிரித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்களாம்.

கடைசி வீட்டுத் தாள் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"குடும்ப அங்கத்தவர் ஐந்து. மூன்று பேர் நிற்கிறீர்கள். மாரிமுத்து எங்கே? ஆறுமுகம் எங்கே?"

சன்னாசி உண்மையைச் சொன்னார். "செத்துப்போயிட்டானுகங்க."

"எப்போது?"

"பன்னண்டு வருசம் ஆச்சுங்க."

தமிழ் தெரிந்தவன் தாளைத் திருப்பிக் காட்டினானாம். எழுதி நாலு மாதம் ஆகவில்லை. ஓர் அரசாங்க உத்தியோகத்தன் நேரில் பார்த்ததாகக் கையெழுத்து வைத்திருக்கிறான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் செத்தவர்களை அவன் எப்படிப் பார்த்தான்? காட்டுக்குள் இயக்கத்துக்கு அனுப்பிவிட்டுச் செத்துப்போனார்கள் என்று சொல்கிறாயா? மரண அத்தாட்சி எங்கே?

தோட்டத்தில் பசியில் செத்த பிள்ளைகளுக்கு யார் அத்தாட்சி எழுதினார்கள்? பிறந்ததற்கே தாள் இல்லாத பிள்ளைகள். லயக் குடியிருப்புக்குப் பின்னால் புதைத்தார்கள், அவ்வளவுதான்.

சன்னாசியை ஏற்றிக்கொண்டு போனார்கள். மகன்மார் இரண்டு பேரையும் கொண்டுவந்து ஒப்படைத்தால் அவரை விடுவார்களாம். அப்படித்தான் பேச்சியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது பேச்சியம்மாதான். அடுத்த நாள் காலை கந்தோர் திறக்க முன்பே வாசலில் நின்றார். அவ்வளவு தூரமும் நடந்து வந்திருக்கிறார். என்மேல் ஒரு சொல் கோபமில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்கதானே ஐயா எழுதினீங்க. இது அடுப்புக்காக எழுதினதுன்னு நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க."

சோமசுந்தரம் ஐயா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "போறதெண்டால் யோசிச்சுப் போம். படிவத்துக்குக் கீழை நீர் என்ன எழுதிக் கையெழுத்து வச்சிருக்கிறீர் எண்டு தெரியும்தானே?" என்றார். பிறகு, "உமக்கும் வயசு இருபத்துநாலு," என்றார்.

6

போனேன். அதுவரைக்கும் நான் கோழையில்லை. பேச்சியம்மாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை. 'ஐயா, இது என் பிழை. அடுப்புக்காக நான்தான் கூட்டி எழுதச் சொன்னேன். இந்த இரண்டு பேரும் சிறுவயதில் இறந்தவர்கள்.' மூன்றே மூன்று வசனம்.

வாசலில் மூன்று மணித்தியாலம் வெயிலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே விட்டார்கள். கொட்டகைக்குள் ஒரு மேசை, ஒரு கதிரை. தமிழ் தெரிந்தவன் அன்று இல்லை. கந்தோருக்கு வந்த அதே அதிகாரி ஆங்கிலத்தில் கதைத்தான். குரலை உயர்த்தவேயில்லை. என் படிவத்தை மேசையில் விரித்து, அடியில் விரலை வைத்தான்.

"இது உன் கையெழுத்தா?"

"ஓம்."

"இந்தத் தாளை வேறு விதமாகவும் விளங்கலாம்," என்றான். "இப்படி இரண்டு இளைஞர்கள் அந்த வீட்டில் இல்லவே இல்லை, நீ பொய்ப் பெயர் எழுதியிருக்கிறாய். அப்படியானால் வேறு இரண்டு பேர் இந்தப் பெயர்களில் நடமாட நீ உதவி செய்திருக்கிறாய். அப்படித்தானா?"

அப்படி ஒரு கோணம் இருக்கிறது என்று என் மூளைக்கு எட்டவேயில்லை. கொட்டகையின் பின்பக்கத்தில் யாரோ இருமுவது கேட்டது.

"ஒரே ஒரு கேள்வி," என்றான். "நீ எழுதப் போன அன்று இவர்கள் இரண்டு பேரையும் கண்டாயா, இல்லையா?"

பேச்சியம்மா எனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆங்கிலத்தில் ஒரு சொல் அவருக்கு விளங்காது. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்டேன்," என்றேன்.

"இப்போது எங்கே?"

"தெரியாது. அன்று வீட்டில் இருந்தார்கள்."

அவன் அதை எழுதி, என்னிடம் கையெழுத்துக் கேட்டான். வைத்தேன். தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போகவிட்டான். எல்லாம் ஐந்து நிமிடம்.

வாசலைத் தாண்டியதும் பேச்சியம்மா கேட்டார்: "சொன்னீங்களா, ஐயா?"

"சொன்னனான்."

"என்ன சொன்னாங்க?"

"பாப்பினமாம்."

என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லா இருப்பீங்க, சாமி," என்றார். நடுத்தெருவில், காவலுக்கு நின்ற சென்றி பார்த்துக்கொண்டிருக்க, என் கையைக் கண்ணில் ஒற்றினார்.

7

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் கந்தோருக்கு வந்தார். என் மேசைக்கு எதிரே கிடந்த மர வாங்கில் உட்காருவார். "திரும்ப ஒருக்காக் கேட்டீங்களா, ஐயா?" என்பார். கேட்டேன் என்பேன். ஒரு பொய் சொன்னவனுக்கு அடுத்தது சொல்ல என்ன கஷ்டம்? சன்னாசியைத் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு கதை வந்தது. பிறகு கதையும் நின்றுவிட்டது.

அடுப்பு வந்தது. ஐந்து பேருக்கான இரட்டை அடுப்பு. படிவம் முறைப்படி அங்கீகரிக்கப்பட்டிருந்ததால் லொறியில் ஏறிவிட்டது. இறக்கிவைத்து, பூசி, நெருப்பு மூட்டிக் காட்டுவது என் வேலை. கிடாரம் நன்றாகப் பொருந்தியது. அடுத்த நாள் விறகை நிறுத்தேன். முன்பு எரித்ததில் பாதிகூட இல்லை. திட்டம் சொன்னபடியே நடந்தது. அறிக்கையில் அதை எழுதினேன். வெளிநாட்டுக்காரருக்கு நல்ல சந்தோஷம் என்று கேள்வி.

எண்பத்தாறில் நான் கொழும்புக்கு வெளிக்கிட்டேன். அங்கிருந்து வெளிநாடு என்று வீட்டாருக்கு மட்டும் தெரியும். எப்படியோ கேள்விப்பட்டு பேச்சியம்மா பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார், லெட்சுமியையும் கூட்டிக்கொண்டு. கொழும்புக்கு நான் போவது சன்னாசிக்காகக் கதைக்கத்தான் என்று அவர் நினைத்திருந்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. யன்னலுக்குக் கீழே நின்று, "பெரிய ஆளுங்ககிட்டயும் சொல்லுங்க, ஐயா. அன்னைக்கு எடுத்துச் சொன்னீங்களே, அப்புடியே சொல்லுங்க," என்றார். பஸ் வெளிக்கிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனை வருடத்தில் எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறேன். அகதி மனுவில் நான் பட்ட துன்பம் எல்லாம் எழுதினேன். முகாமில் விசாரிக்கப்பட்டதைக்கூட எழுதினேன், அது எனக்கு உதவியாக இருந்தது. என்னை விசாரித்தபோது நான் என்ன பதில் சொன்னேன் என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை. நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் கதையை முகாம் வாசலோடு நிறுத்திவிடுவேன். ஒரு பெண்ணுக்காக இராணுவ முகாமுக்குத் துணிந்து போனவன் என்று இங்கே எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பொங்கல் விழா மேடையில் ஒருமுறை அதைச் சொல்லி எனக்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

பிறகு அங்கே எவ்வளவோ நடந்துவிட்டது. அந்தக் குடியிருப்பு இருக்கிறதோ தெரியாது. பேச்சியம்மா இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். ஆனால் துணுக்காய்ப் பக்கத்தில் அவரோ, மகள் லெட்சுமியோ இருப்பது இதை வாசிக்கும் யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து போய் இந்தக் கடைசிப் பகுதியை உரத்து வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

அம்மா, அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் நான் உங்களுக்காக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் உயிரோடு கண்டதாகச் சொன்னேன்.